இந்த மாதத்துக்கு இவ்வளவுதான்

ஹரிதா தன் புருஷனிடம் விட்ட சவாலுக்கு இன்று சாயந்திரத்தோடு கெடு.

சவால் என்றால் பெரிய சபதமெல்லாம் இல்லை. போன வாரம் சாப்பிட உட்கார்ந்த பிரபாகர், மாடி அறையைக் காலி பண்ணிக் கொடு, திருமலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று குழம்பு ஊற்றச் சொல்லும் குரலிலேயே சொன்னான். அந்த அறையில் அவளும் ஓரகத்தி மோனிகாவும் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் சொன்னான். ஹரிதாவுக்குச் சுருக்கென்று வந்தது. சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வேலையை முடித்துக் கொடுக்கிறேன், அது நிலைத்தால் அறை எனக்கு, நிலைக்காவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளுங்கள் என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அவனும் சரி என்று தலையாட்டிவிட்டு மோர் கேட்டான்.

இந்த வாரம்தான் இந்தக் கதைக்குள் நுழைகிறீர்கள் என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். நகரியில் பவர்லூம் ஓட்டும் நாகபூஷணத்தின் மூத்த மருமகள் ஹரிதா. கல்யாணத்துக்கு முன் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள். இளைய மருமகள் மோனிகா சித்தூர்ப் பெண். அவள் புருஷன் எழிலரசன் நாயுடுபேட்டையில் ஷிஃப்ட் வேலையில் கிடக்கிறான். மாமனாரும் பிரபாகரும் பாதி நாள் நகரி ஷெட்டில். திருப்பதி கொர்லகுண்டா வீட்டில் மாமியார் கமலம்மாவும் இந்த இரண்டு மருமகள்களும்தான். சும்மா கிடந்த மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி, இரண்டு மேஜை போட்டு, கடைக்காரர்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சின்னச் சின்ன சாஃப்ட்வேர் செய்து கொடுக்க ஆரம்பித்தவள் ஹரிதா. மோனிகாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒன்றொன்றாகக் கற்றுக் கொடுத்தவளும் அவளே.

ஃபேக்டரி வேலை இதுவரை வந்ததிலேயே பெரியது. சீசன் வந்தால் தோதாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே இரண்டு நாள், மூன்று நாள் என்று வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். காய் கனிந்து கொழகொழவென்று ஆகிவிட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவார்கள். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. விவசாயி தோப்பில் இருந்தபடியே போனில் வரிசை நம்பர் வாங்கிக்கொள்ளலாம், கூப்பிடும்போது வந்தால் போதும். செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்தபோது ஒரே நம்பர் இரண்டு டிராக்டருக்குப் போய்விட்டது. கேட்டில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள் சரி பண்ணாவிட்டால் சென்னை ஆட்களிடம் வேலையைக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் கோபிகிருஷ்ணன் மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு மாடிக்கு வந்து உட்கார்ந்த ஹரிதா, கம்ப்யூட்டர் கோடு எழுதித் தரும் ஏஐயைத் திறந்து முதல் கேள்வியைத் தட்டினாள். பதில் வரவில்லை. இந்த மாதத்துக்கான உங்கள் அளவு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதி தொடரலாம் என்று வந்தது. கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

அந்தப் பொம்மையைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதம் பாதிகூடத் தாண்டவில்லை. இரண்டு வருஷமாக ஒரு மாதம்கூட அளவு முடிந்ததில்லை, எப்போதும் கொஞ்சம் மிச்சம்தான் இருக்கும். இன்றைக்கென்று முடிய வேண்டுமா?

எதில் தீர்ந்தது என்று தேடினாள். காலையிலும் ராத்திரியிலும் அவள் உட்கார்ந்த நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் போயிருந்தது. மத்தியானங்களில்தான் அள்ளிக்கொண்டு போயிருந்தது. போன வாரம் பூராவும் மத்தியானம் அவள் சித்தூர் ஃபேக்டரியில் இருந்தாள். இந்த அறையில் இருந்தது மோனிகா ஒருத்திதான்.

ஹரிதாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், குரல் இறங்கிப் போகும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். மோனிகா தலையை முடிந்துகொண்டே உள்ளே வந்தபோது அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"மத்தியானத்துல யாருக்கு வேலை செஞ்சி குடுத்துக்கினு இருந்தே?"

மோனிகாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஃபேக்டரி வேலைதான் அக்கா என்றாள். வரிசை நம்பர் எழுதுகிற பாகத்தைத்தான் பார்த்ததாகவும், அக்கா சொல்லிக் கொடுத்தபடி ஏஐயோடு நடந்த பழைய பேச்சையே நீட்டிக்கொண்டு போய் அதிலேயே கேட்டதாகவும் சொன்னாள். இடையில் ஒரு தடவை, இது ரொம்ப நீண்டு போச்சே, புதிதாக ஆரம்பிக்கலாமா என்று தான் கேட்டதையும் அக்கா வேண்டாம் என்றதையும் நினைவுபடுத்தினாள். ஹரிதா எதையும் காதில் வாங்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு சின்ன பாகத்துக்கு இவ்வளவா தீரும்?

இந்த நேரத்தில் கமலம்மா காபி டம்ளரோடு படியேறி வந்து நின்றாள். மாமியார் முன்னால் என்றதும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது சில காலைகளில் எஜமானியின் பேச்சைக் கேட்காது.

"எங்க கணக்குல உக்காந்துகினு வெளி வேலை பண்றியா? ஒரு எழுத்து தெரியாம வந்தவ நீ. எல்லாத்தையும் கத்துக் குடுத்தது நானு. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். திருட்டுத்தனமா எதுக்கு?"

திருட்டு என்ற வார்த்தை வந்ததும் கமலம்மா குறுக்கே வந்தாள். முதலில் இரண்டு பேரும் ஏதாவது துன்னுங்க, அப்பால சண்டை போடுங்க என்றாள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

மோனிகா அழவில்லை. அழுதிருந்தால்கூட ஹரிதா கொஞ்சம் இறங்கி வந்திருப்பாள். தன் லேப்டாப்பை மூடினாள், சார்ஜர் ஒயரைச் சுற்றினாள், இரண்டையும் பைக்குள் வைத்தாள். அத்தையிடம் மட்டும், அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கேட் சாத்தும் சத்தம் மேலே கேட்டது.

போகட்டும். ஹரிதாவுக்கு அப்போது அந்தக் கவலை இல்லை. வேலையை முடிக்க வேண்டும். காசு கட்டினால் இந்த மாதத்துக்குக் கூடுதல் அளவு தருகிறேன் என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். உங்கள் போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது.

உங்கள் போனாம். யார் போன்? கணக்கு பிரபாகர் பெயரில். கார்டு பிரபாகருடையது. மெயில் பிரபாகருடையது. ஆரம்பத்தில் அவன்தான் பெருந்தன்மையாக, என் கார்டிலேயே போட்டுக்கொள் என்று கட்டிக் கொடுத்தான். சென்னை வேலையை விட்டபோது அவளுடைய சம்பளக் கணக்கு மூடிப் போனது. பிறகு வந்த பேங்க் கணக்கு இரண்டு பேர் பெயரில் என்று பேர்தான், போன் நம்பர் அவனுடையது. இந்த வீட்டில் காஸ் சிலிண்டர் வந்தாலும் அவன் போனுக்குத்தான் மெசேஜ் போகும். அதைப் பெரிதாக அவள் நினைத்ததே இல்லை, இன்று வரைக்கும்.

பிரபாகருக்கு அடித்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான். பின்னால் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

ஓடிபி வந்ததா என்று கேட்டாள். வந்தது, எதற்கு என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று புரியாமல் அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த பிளான நான் போன மாசமே கம்மி பண்ணிட்டேனே. ரேட்டு ஏத்திக்கினே போறான். கீழ இருக்கறதுக்கு மாத்திட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? கரண்ட் பில்லு கட்றேன், உங்கிட்ட சொல்லிக்கினா கட்றேன்?"

பேசிக்கொண்டே போனான். மெயில் இரண்டு மூன்று வந்ததாம். கணக்குப் போடும் முறை மாறுகிறது, படித்துப் பாருங்கள் என்று ஏதோ போட்டிருந்ததாம். அவன் வேலையை விட்டுவிட்டு அதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பானா? விலை கம்மியாக எது இருந்ததோ அதை அழுத்தினான். இன்றைக்கு அந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்று ஹரிதா கேட்டாள். இன்று மட்டும் சொல்லுங்கள், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றுகூடக் கேட்டாள். அதைக் கேட்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இந்த மாசத்துக்கு இவ்ளோதான்னு அவனே சொல்றான் இல்ல, வுட்டுடு ஹரிதா. கொஞ்ச நாளு சும்மா இரு. ரூம் விஷயம் சாயந்திரமா வந்து பேசிக்கலாம்."

ரூம் விஷயம். அது அவன் வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்தது. தெரிந்தே செய்தானோ, தெரியாமல் செய்தானோ, அந்த நிமிஷம் ஹரிதாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. சம்பாதிப்பவளின் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, உன்னால் முடியவில்லையே என்று சொல்ல வருகிறான்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மோனிகாவ அப்படி கேட்டிருக்க மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. அவனும் கவனித்திருப்பான். தறிச் சத்தத்துக்கு நடுவே, மோனிகாவை இன்னா கேட்டே என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு அந்தக் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பைத் தேடிப் பிடித்துப் படித்தாள். உங்களுக்கு இன்னும் சிறப்பாகச் சேவை செய்யவே இந்த மாற்றம் என்று ஆரம்பித்திருந்தது. நாசமாய்ப் போக. விலையை ஏற்றுகிறவன் எவனாவது உன்னிடம் கூடக் காசு பிடுங்கத்தான் இந்த மாற்றம் என்று நேராகச் சொல்லியிருக்கிறானா? வழவழவென்ற நாலு பத்திக்குக் கீழே, சின்ன எழுத்தில், சொல்ல வேண்டிய விஷயம் கிடந்தது.

கமலம்மா இன்னும் போகவில்லை. ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இன்னாதான் தீந்து போச்சு, எனக்குப் புரியறாப்புல சொல்லு என்றாள். ஹரிதா சொன்னாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"முன்னாடி ஆட்டோக்காரன் எவ்ளோ சாமான் ஏத்தினாலும் ஒரு ட்ரிப்புக்கு ஒரு ரேட்டுனு வாங்கினான் அத்தை. நாமளும் முடிஞ்ச மட்டும் ஏத்தினோம். இப்ப எடை போட்டு வாங்கறான். அதுவும் இன்னைக்கி ஏத்தற சாமான மட்டும் எடை போடல. மொதல் நாள்லருந்து ஏத்தினது எல்லாத்தையும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் சேத்து எடை போடறான்."

நாளைக்கு ஒரு ட்ரிப்பு போனாலும் முதல் நாள் மூட்டைக்கும் காசா என்று கமலம்மா கேட்டாள். ஆமாம், புதிதாக ஒரு பேச்சை ஆரம்பித்தால் பழைய மூட்டை கணக்கில் வராது, பழைய பேச்சையே நீட்டிக்கொண்டு போனால்தான் வரும் என்று ஹரிதா சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் தடுக்கியது.

ஏனென்றால் நீட்டிக்கொண்டு போகச் சொன்னது அவள்தான்.

நகரியில் தறியில் நீளத்துக்கு ஓடும் பாவு நூல் தீர்ந்தால் யாரும் அறுத்து எறிய மாட்டார்கள். பழைய பாவின் நுனியிலேயே புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து, அப்படியே இழுத்துக்கொண்டு ஓட்டுவார்கள். அறுத்துவிட்டால் அத்தனை இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும், ஒரு நாள் வேலை போய்விடும். தறி வீட்டில் பிறந்து தறி வீட்டுக்கே வாழ்க்கைப்பட்ட ஹரிதா ஏஐயிடமும் அப்படித்தான் நடந்துகொண்டாள். ஃபேக்டரி வேலை தொடங்கிய நாளில் ஆரம்பித்த பேச்சை இதுவரை ஒரு தடவைகூட முடிக்கவில்லை. ஒவ்வொரு நாள் கேள்வியையும் அதன் நுனியிலேயே பிணைத்தாள். பழையதெல்லாம் அதற்குத் தெரியும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கேள்விக்கு ஒரு கணக்கு என்று இருந்த காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். மோனிகாவுக்கும் அதையே சட்டமாகச் சொல்லிக் கொடுத்தாள், எதையும் வெட்டாதே, ஒட்டிக்கொண்டே போ என்று. மோனிகா சொன்னபடி செய்தாள். காலையிலும் ராத்திரியிலும் ஹரிதா கேட்டது ஒன்றிரண்டு கேள்விதான். மத்தியானமெல்லாம் சின்னச் சின்னதாக நிறையக் கேட்டவள் மோனிகா. ஒவ்வொரு சின்னக் கேள்விக்கும் அந்த ஏஐ இரண்டு மாதப் பேச்சையும் முதலிலிருந்து படித்து, படித்ததற்கெல்லாம் அளவைக் கழித்துக்கொண்டது.

"அப்ப மோனி இன்னா தப்பு பண்ணா?" என்று கமலம்மா கேட்டாள்.

ஹரிதா போனை எடுத்தாள். மோனிகாவின் நம்பருக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

எல்லோர் மேலும் கோபம் வந்தது. சிரிக்கும் பொம்மை போட்டு அனுப்பிய கம்பெனி மேல், படிக்காமல் பொத்தானை அழுத்திய புருஷன் மேல், புதிதாக ஆரம்பிக்கலாமா என்று ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிட்ட மோனிகா மேல்கூட. தன் மேல் வந்த கோபத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைத்தாள். லேப்டாப்பைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஏஐ இல்லாவிட்டால் என்ன, சென்னையில் நாலு வருஷம் கையால்தானே எழுதினாள். சித்தூருக்கே போய், ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்தாவது சரி பண்ணுவது என்று கிளம்பினாள்.

வந்த பஸ்ஸெல்லாம் நெரிசல், மத்தியானத்துக்குத்தான் சித்தூர் எக்ஸ்பிரஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் அவளுடைய ஆதாரைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கான இலவச பூஜ்ய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். காலையிலிருந்து அவள் பெயரில் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

சந்திரகிரி தாண்டியதும் மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். வரிசை நம்பர் பாகத்தை எடுத்துப் படித்தாள். அந்தப் பாகத்தில் முக்கால்வாசி ஏஐ எழுதியது, மீதியை அதனோடு மல்லுக்கட்டி எழுதியவள் மோனிகா. எது எதைக் கூப்பிடுகிறது, ஒரு டிராக்டரைத் திருப்பி அனுப்பினால் அதன் நம்பர் எங்கே போகிறது என்று பிடிபடவே இல்லை. இதைக் கற்றுக் கொடுத்தது நானாக்கும் என்று காலையில் மார்தட்டிக்கொண்டதை நினைத்து எரிச்சல் வந்தது. காணிப்பாக்கம் கூட்டுரோட்டில் பாதி பஸ் இறங்கிக் காலியான பிறகும் அதே பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஃபேக்டரிக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே ஆட்டோவை நிறுத்த வேண்டியிருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் பூராவும் டிராக்டர்கள். காயும் கனியுமாகத் தோதாபுரி வாசனை மூக்கை அடைத்தது. கேட்டில் செக்யூரிட்டியிடம் ஒருவர் தெலுங்கில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவரில் ஒருவரான பாலையா. இன்றைக்கும் நம்பர் சண்டைதானோ என்று நினைத்துக்கொண்டே ஹரிதா கிட்டே போனாள்.

"லோடு எத்தேடப்புடு ஒக ரேட்டு, கேட்டு தக்கர ஒக ரேட்டு" என்று அவர் அவளைப் பார்த்து நியாயம் கேட்டார். காய் ஏற்றும்போது சொன்ன விலை ஒன்று, கேட்டுக்கு வந்ததும் சொல்கிற விலை வேறாம். ஏற்றிய காயை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டார். நம்பராவது சரியாக வந்ததா என்று ஹரிதா பயந்துகொண்டே கேட்டாள். அது சரியாக வந்துவிட்டது, மத்தியானம் ஒரு பெண் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டாள் என்று அவர் எடை மேடைப் பக்கம் கையைக் காட்டினார்.

எடை மேடையை ஒட்டிய சின்ன அறையில் மோனிகா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் அவள் லேப்டாப், பக்கத்தில் பாதி குடித்த டீ. வெளியே ஒரு டிராக்டர் மேடையில் ஏறியது, அவள் திரையில் ஒரு நம்பர் மறைந்து அடுத்த நம்பர் வந்தது. உள்ளே வந்த ஹரிதாவை ஒரு தடவை பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

கோபிகிருஷ்ணனுக்கு இவர்கள் வீட்டுச் சங்கதி என்ன தெரியும்? வாங்க மேடம் என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். மத்தியானத்திலிருந்து ஒரு நம்பர்கூட இரட்டையாக விழவில்லை என்றார். சின்ன மேடம் வந்து உட்கார்ந்ததும் விறுவிறுவென்று முடித்துவிட்டார் என்றார். சென்னைக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டீ சொல்லப் போவதாக வெளியே போனார்.

எப்படி முடித்தாய் என்று ஹரிதா கேட்டாள். மோனிகா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். காலேஜ் நாளில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பேங்க் கணக்கு இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது, போன் நம்பரும் அவளுடையதுதான். அதை வைத்து ஏஐயில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தாளாம்.

"பழைய பேச்சு எதையும் கொண்டாரல. நம்பர் குடுக்கற பாகத்த மட்டும் காட்டி, அத மட்டும் கேட்டேன். துளிதான் தீந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் குத்தலோ பெருமையோ எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஹரிதாவுக்குப் பேசச் சுலபமாக இருந்திருக்கும். பிரபாகர் பிளானைக் குறைத்ததைச் சொன்னாள், கம்பெனி கணக்கு மாற்றியதைச் சொன்னாள், வெட்டாதே என்று தான் சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாவற்றையும் குடித்தது என்பதையும் சொன்னாள். திருட்டு என்று சொன்னதற்கு என்னை மன்னிச்சுக்கோ என்று கடைசியில் சொல்லி முடித்தாள். மோனிகா தலையாட்டினாள். சரி அக்கா என்றாள். அந்தச் சரியில் ஒன்றும் சரியாகவில்லை என்பது ஹரிதாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனாலும் மனசு லேசாகத்தான் ஆனது. வேலை நிலைத்துவிட்டது. அறை தப்பித்தது. பிரபாகர் சாயந்திரம் வந்து ரூம் விஷயம் என்று ஆரம்பிக்கட்டும், முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரும்போதே வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தாள்.

கோபிகிருஷ்ணன் டீக் கிளாஸ்களோடு வந்தார். கூடவே இந்த சீசனுக்கான ஒப்பந்தக் காகிதத்தையும் எடுத்து வந்தார். சின்ன மேடம் தன் பெயரில் எழுதச் சொன்னார், நானும் எழுதிவிட்டேன், ஆனால் வேலையை முதலில் உங்களிடம்தான் கொடுத்தோம், அதனால் நீங்கள் ஒரு வார்த்தை சரி என்று சொல்லிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்.

ஹரிதாவுக்கு முதலில் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம் வந்தது. காகிதத்தைப் பார்த்தாள். மோனிகா பெயர்தான். கொர்லகுண்டா விலாசம் இல்லை, சித்தூரில் அவள் அம்மா வீட்டு விலாசம். ஏதோ சின்னப் பெண், கோபத்தில் சொல்லியிருப்பாள் என்று மோனிகாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"இத எத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தே?" என்று கேட்டாள். குரல் இறங்கித்தான் வந்தது.

மோனிகா இப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"வெளி வேலைன்ற நெனப்பு காத்தால வரைக்கும் எனக்கு இல்லக்கா. நீ சொன்ன அப்பாலதான் தோணிச்சு."

வெளியே அடுத்த டிராக்டர் மேடையில் ஏறியது. கோபிகிருஷ்ணன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய மேடம் வாயைத் திறக்கட்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.